யாமிலேயின் அறைக்கு அடியில்

அக்டோபர் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் நூபியாவின் வீட்டு முற்றத்தில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரவள்ளித் தோலோ சோளச் சக்கையோ அடைத்திருக்கும் என்று விளக்குமாற்றுக் கட்டையை விட்டுக் குடைந்தாள். கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தண்ணீர் போனது. மறுநாள் அந்த முனகலும் இல்லை. கழுவி ஊற்றியது அப்படியே திரும்பி மேலே வந்தது. கறுப்பாக, எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்க, அங்கணத்தின் விளிம்பைத் தாண்டி முற்றத்துச் செங்கல் இடுக்குகளில் பரவியது.

அந்த வீட்டில் தண்ணீர் போகாமல் ஒரு பொழுதும் நடக்காது. கடலோரத்துச் சியெனாகா ஊரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நூபியாவின் பலகாரச் சட்டிக்கு ஒரு பேர் உண்டு. விடியும் முன்பே எழுந்து, வேகவைத்த சோளத்தைக் கழுவி அரைத்து, மரவள்ளியை மசித்து உள்ளே இறைச்சி வைத்து உருட்டி, வாசலில் அடுப்பு மூட்டிப் பொரிப்பாள். பஸ்ஸுக்குப் போகிற வாத்தியார்கள், வாழைத் தோட்டத்து ஆட்கள், மோட்டார் டாக்சி ஓட்டுகிறவர்கள் எல்லாம் நின்றபடியே தின்று, கறுப்புக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு சட்டி, உரல், அண்டா எல்லாம் கழுவ வேண்டும். அதற்கும் பிறகு ரமிரோ இருந்தான்.

ரமிரோ அவள் புருஷன். துறைமுகத்தில் வாழைப்பழப் பெட்டி சுமந்தவன். தோள் அகலத்தைப் பார்த்தால் கதவுக்குள் நுழைவானா என்று தோன்றும். வாதம் அடித்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாக்கும் விழுந்துவிட்டது. அவள் பெயரில் முதல் எழுத்தை மட்டும் சொல்வான். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். தினமும் அவனைப் புரட்டிக் குளிப்பாட்ட வேண்டும், விரிப்பைத் துவைக்க வேண்டும். அத்தனை தண்ணீரையும் இப்போது வாளியில் மொண்டு, வீட்டைக் கடந்து தெருவுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

அடைப்பு எடுக்கிற அனிபாலைக் கூட்டிவந்தாள். தெருவில் எல்லார் வீட்டுச் சாக்கடையும் அவனுக்குப் பழக்கம். எந்த வீட்டில் என்ன தின்கிறார்கள் என்று குழாயை வைத்தே சொல்லிக் கேலி பண்ணுவான். மூங்கில் பிளாச்சை விட்டுப் பார்த்தான், பிறகு நீளக் கம்பியை விட்டான். கம்பி ஒரு இடத்தில் முட்டி நின்றது. உருவி எடுத்தபோது நுனியில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்ததும் அவன் கேலியெல்லாம் அடங்கிவிட்டது.

"அக்கா, இது உங்க எண்ணெய் இல்ல. பழைய மண்குழாய் உள்ளே இடிஞ்சு உட்கார்ந்திருக்கு. மேலேருந்து தோண்டித்தான் எடுக்கணும்."

கம்பியைத் தரையில் கிடத்தி அளந்தபடி போனான். சுவர் வந்துவிட்டது. கம்பியில் இன்னும் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டான். நூபியாவுக்குத் தெரியும்.

அது ஒரே வீடாக இருந்தது. மாமனார் போனபிறகு நடுவில் சுவர் எழுப்பி அண்ணனுக்கும் தம்பிக்குமாக இரண்டாக்கினார்கள். சண்டையில் எழுப்பிய சுவர் இல்லை. கூரையைப் பிரித்தார்கள், முற்றத்தைப் பிரித்தார்கள். சாக்கடையை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அது பழையபடி நூபியாவின் அங்கணத்தில் தொடங்கி, கொழுந்தன் எலியெசர் வீட்டுப் பின்னறைக்கு அடியில் ஓடி, பின் சந்தில் இறங்கியது. அந்தப் பின்னறை யாமிலேயினுடையது.

யாமிலே எலியெசருக்கும் கார்லோத்தாவுக்கும் ஒரே பெண். நூபியாவுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் இந்த வீட்டில்தான் பாதி வளர்ந்தது. பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, முதல் ஈடு வெந்து வருவதற்குள் கையை நீட்டும். பள்ளிப் படிப்பு முடிகிற வருஷத்தில், இதே போன்ற ஒரு மழைக்காலத்தில், டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்ததும் கார்லோத்தா அந்த அறைக் கதவைச் சாத்தினாள். தினமும் அவள் மட்டும் உள்ளே போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு வருவாள். எலியெசரே வாசலோடு நின்றுகொள்வான். நூபியா இரண்டொரு தரம் போய்ப் பார்த்தாள். கார்லோத்தா காப்பி கொடுத்தாள், நாற்காலி போட்டாள், கதவை மட்டும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நூபியா போவதைக் குறைத்துக்கொண்டாள். மனசில் ஒரு தடிப்பு விழுந்துவிட்டது.

இப்போது வேறு வழியில்லை. பொரித்த பலகாரத்தை ஒரு தட்டில் அடுக்கித் துணி மூடி எடுத்துக்கொண்டு போனாள். கார்லோத்தா முன்கூடத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ சீருடைப் பாவாடை மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். நூபியா சொன்னதை எல்லாம் கேட்டாள். காலை மெஷின் மிதியிலிருந்து எடுக்கவில்லை.

"வேற வழி பாருங்க அக்கா," என்றாள்.

வேறு வழி இல்லையென்று அனிபால் சொன்னதை நூபியா சொன்னாள். முன்பக்கம் மேடு. தண்ணீர் மேட்டில் ஏறாது. அறையில் ஒரு ஓரமாகத்தான் உடைப்பார்கள், திரும்பப் பூசிவிடுவார்கள். எலியெசர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். மனைவி முகத்தையும் அண்ணி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த ரூம் வேணாம் அக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க," என்று சொல்லிவிட்டுக் கார்லோத்தா மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். தட்டில் இருந்ததை ஒருவரும் தொடவில்லை.

மழை விடவில்லை. ஊருக்குப் பின்னால் மலைத்தொடர்ப் பக்கம் காலையிலேயே கறுத்துவிடும். மத்தியானம் வரை புழுங்கி, பிறகு கொட்டும். நூபியா மொண்டு ஊற்றுகிறதைவிட வானம் ஊற்றுகிறது அதிகமாக இருந்தது. முற்றம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீர் நின்றது. ரமிரோவின் அறை வாசலில் செங்கல் அடுக்கி அணை கட்டினாள். நாற்றம் முன்வாசல் வரை வந்தது. பலகாரம் தின்ன வந்த ஒரு மோட்டார் டாக்சிக்காரன், இன்றைக்கு உள்ளே வைத்திருப்பது இறைச்சிதானா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நின்றவர்கள் சிரித்தார்கள். நூபியாவும் சிரித்தாள். மறுநாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் அவளே அடுப்பு மூட்டவில்லை.

அனிபால் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அக்கம்பக்கத்துப் பெண்கள், கொழுந்தன்கிட்ட அதட்டிக் கேள், இது அவனுக்கு மட்டும் அப்பன் வீடு இல்லையே, என்று சொல்லிக்கொடுத்தார்கள். நூபியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. தண்ணீர் நின்ற இடமெல்லாம் கொசுப்புழு நெளிந்தது. சாயங்காலம் ரமிரோவின் படுக்கை மேல் வலையைக் கட்டிவிட்டு, உள்ளே புகுந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அடிப்பாள். அசைக்க முடியாத அவன் வலது கையில்தான் அவை உட்காரும். அவனுக்கு அது தெரியாது.

ஒருநாள் காலையில் தொட்டபோது அவன் உடம்பு சுட்டது.

நூபியா நேராக முற்றத்துக்குப் போய், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, சுவருக்கு மேலாகக் கத்தினாள். கூப்பிட்டுப் பேசுகிற குரல் இல்லை அது.

"கார்லோத்தா, இவருக்குக் காய்ச்சல். உன் பிள்ளையைக் கொண்டுபோனது இந்தக் கொசுதானே? இன்னொருத்தரையும் கொண்டுபோகட்டும்னுதான் கதவைச் சாத்தி வச்சிருக்கியா?"

அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. அன்றைக்கு முழுக்க அது மறுபடி ஓடவில்லை.

உள்ளே வந்து கஞ்சியை ஆற்றி ரமிரோவின் வாயருகே கொண்டுபோனாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். எல்லாம் கேட்டிருக்கிறது. சின்ன வயதில் யாமிலேயைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவன் அவன். நூபியா கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொன்னதைத் திரும்ப எடுக்க வழியிருந்தால் அந்தச் சாக்கடைக்குள் கையை விட்டாவது எடுத்திருப்பாள்.

காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. சாதாரணச் சளிக்காய்ச்சல். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் தலைகாட்டியது. விரிப்பை உலர்த்த முற்றத்துக்கு வந்த நூபியா, சுவருக்கு அந்தப் பக்கம் கொடியில் துணி கிடப்பதைப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட பள்ளிக்கூடப் பாவாடை. வெள்ளைச் சட்டைகள். காலுறைகள் ஜோடி ஜோடியாக. பதினைந்தாவது பிறந்தநாளுக்குத் தைத்த மஞ்சள் கவுன், விளிம்பில் பழுப்புக் கறையோடு. அந்தக் கவுனுக்குச் சரிகை வாங்க சாந்தா மார்த்தா நகரத்துக்குக் கூடப் போனவள் நூபியாதான். கையில் இருந்த ஈர விரிப்பு தோளை நனைப்பது தெரியாமல் நின்றாள். அந்த அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். எலியெசர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"மழை பிடிச்சதிலேருந்தே ஊறுது மதினி. தரை இடுக்கெல்லாம் பொங்குது. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா. சொன்னா நீங்க உடைக்கச் சொல்லுவீங்கன்னு."

பின்னறைக் கதவு திறந்திருந்தது. நூபியா வாசலில் நின்றாள். கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்திருந்தார்கள். மெத்தை சுவரில் சாய்ந்திருந்தது. புத்தகங்கள் அலமாரி மேல் ஏறியிருந்தன. பூப்போட்ட சிமெண்டுக் கற்கள் பதித்த தரைக்கு மேல் கணுக்கால் அளவு கறுத்த தண்ணீர். நடுவில் கார்லோத்தா மண்டியிட்டு, பழந்துணியைத் தோய்த்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு," என்றாள் நூபியா.

"தப்பில்ல. அதையேதான் நானும் இந்த வாளியைத் தூக்கும்போதெல்லாம் நினைச்சேன். அத்தானுக்குக் காய்ச்சல்னு கேட்டப்போ கை கால் ஓடல. ஆனாலும் சரின்னு சொல்ல வாய் வரல." துணியைப் பிழிந்தாள். "எனக்குப் புத்தி கெட்டுப்போகல அக்கா. அவ வரமாட்டான்னு தெரியும். இதை உடைச்சுட்டா அப்புறம் இது வெறும் ரூம். அவ்வளவுதான்."

நூபியா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். இன்னொரு துணியை எடுத்தாள். இரண்டு பேரும் தோய்த்துப் பிழிந்தார்கள். வாளி நிறைந்ததும் எலியெசர் வந்து எடுத்துப்போனான். அப்போதும் வாசலில் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே காலெடுத்து வைத்தான்.

"துணியில அவ வாசனை இருந்துச்சு," என்றாள் கார்லோத்தா. "அலமாரியைத் திறந்தா வரும். இப்போ சாக்கடை வாசனைதான் வருது. எத்தனை தரம் அலசியும் போகல."

"என்கிட்டக் கொடு. எண்ணெய்ச் சட்டி தேய்ச்ச கை இது. எலுமிச்சம்பழம் போட்டுக் கசக்கினா போகும்."

"வேணாம் அக்கா, உங்களுக்கு இருக்கிற வேலையில..."

"எனக்கும் ஒண்ணு துவைக்கக் கொடு கார்லோத்தா. நானும் அவளுக்குச் சோறு போட்டவதான்."

கார்லோத்தா துணியைக் கீழே விட்டுவிட்டு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்காக நீங்க அழுது நான் பார்த்ததே இல்லையே அக்கா."

"நீ கதவைத் திறக்கல."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த அழுக்குத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலம் அடுப்புப் புகையில் துடைத்துக்கொண்டதெல்லாம் சேர்ந்து வந்தது. கார்லோத்தா முழங்காலாலேயே நகர்ந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எலியெசர் காலி வாளியோடு வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

அன்று மத்தியானம் இரண்டு பெண்களும் முன்வாசல் குழாயடியில் உட்கார்ந்து யாமிலேயின் துணிகளை ஒவ்வொன்றாகத் துவைத்தார்கள். எலுமிச்சையில் கசக்கி, நீலம் போட்டு அலசினார்கள். மஞ்சள் கவுனின் கறை முழுசாகப் போகவில்லை. கார்லோத்தா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இருக்கட்டும் என்றாள். துணிகளை மடிக்கும்போது, அனிபாலை நாளைக்கு வரச்சொல்லுங்கள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

அனிபால் கடப்பாரையும் உளியும் கொண்டுவந்தான். கட்டிலையும் அலமாரியையும் எலியெசரும் அவனுமாகக் கூடத்துக்கு நகர்த்தினார்கள். பூக்கற்களை உடைக்காமல் எடுக்க முடியுமா என்று கார்லோத்தா கேட்டாள். அவன் வழக்கமான கேலி எதையும் பேசவில்லை. உளியைச் சாய்த்து வைத்து, இடுக்கு இடுக்காகத் தட்டி, ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுத்துக் கொடுத்தான். கார்லோத்தா வாங்கி, ஈரத் துணியால் துடைத்து, சுவரோரம் வரிசையாக வைத்தாள். சில கற்கள் அவன் எவ்வளவு பார்த்தும் இரண்டாக விண்டுவிட்டன. விண்டவற்றையும் அவள் சேர்த்து வைத்தாள்.

கீழே மண் சேறாக இருந்தது. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. குழாய் நடுவில் நசுங்கி உள்வாங்கிக் கிடந்தது. நிலக்கரி ரயில் போகும்போதெல்லாம் வீடு ஆடுகிற ஆட்டத்தில் எப்போதோ விண்டிருக்க வேண்டும். விரிசல் வழியாகச் சந்திலிருக்கும் பாதாம் மரத்தின் வேர் நுழைந்திருந்தது. குழாய் நிறைய அடர்ந்து, சடை விழுந்த கூந்தல் மாதிரி இருந்தது. அனிபால் அரிவாளை எடுத்தான். அதற்குள் எலியெசர் குழிக்குள் இறங்கிவிட்டான். இரண்டு கையாலும் அந்த வேரைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தான். மகள் போனதிலிருந்து அந்த மனிதனிடமிருந்து யாரும் கேட்டிராத ஒரு சத்தம், உறுமலும் விம்மலுமாக, தொண்டையிலிருந்து வந்தது. வேர் அறுந்து, சேறோடு அவன் மார்பில் விழுந்தது. கரையில் நின்ற கார்லோத்தா கையை நீட்டினாள். அவன் பிடித்து ஏறி வந்தான்.

பழைய குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். நூபியா தன் பக்கம் போய் ஒரு வாளித் தண்ணீரை அங்கணத்தில் கவிழ்த்தாள். கட்டியிருந்த கறுப்பெல்லாம் சுழன்று சுழன்று இறங்கியது. முற்றத்துச் செங்கல் மெதுவாகத் தலை காட்டியது. உள்ளே படுத்திருந்த ரமிரோ அந்தச் சத்தத்தைக் கேட்டு "நூ" என்றான். அன்று இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தான்.

பூக்கற்களைப் பழையபடி பதித்து, விண்ட இடத்தில் வெறும் சிமெண்டு பூசினான் அனிபால். சிமெண்டு காயக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. காய்ந்த பிறகும் கார்லோத்தா சாத்தவில்லை. கட்டில் பழைய இடத்துக்கே வந்தது. கவுன் அலமாரிக்குள் போனது. நூபியாவின் வாசலில் மறுபடி அடுப்பு எரிந்தது. அந்த மோட்டார் டாக்சிக்காரன் முதல் ஆளாக வந்து நின்றான். அவள் அவனுக்கும் பொரித்துக் கொடுத்தாள்.

டிசம்பரில் மழை போய்க் காற்று தொடங்கியது. கடலிலிருந்து வீசி, தெருப் புழுதியையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து போடுகிற காற்று. அப்படி ஒரு நாளில் நூபியா எழுந்து, வழக்கம்போல முதலில் புருஷன் நெற்றியில் கை வைத்தாள். குளிர்ந்து கிடந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறான். முகத்தில் கஷ்டம் எதுவும் இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, அவளைக் கூப்பிடப் போகிறவன் மாதிரி.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. வேகவைத்த சோளம் கழுவாமல் அண்டாவில் கிடந்தது. அடுப்பில் சாம்பல் அள்ளவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விழுந்துபோன அந்த வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெயில் முற்றத்துக்கு வந்தது. வாசலில் யாரோ பலகாரம் கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் எழவில்லை.

பிறகு கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பதிலுக்குக் காத்திராமல் கார்லோத்தா உள்ளே வந்தாள். தலையில் சுற்றிய துணியும் இரவு உடையுமாக வந்திருந்தாள்.

"தண்ணிச் சத்தம் கேக்கல அக்கா," என்றாள்.

நூபியாவுக்கு அவள் சொல்வது புரியவில்லை.

"நான் இப்போ யாமிலே கட்டில்லதான் படுக்கிறேன். விடியறதுக்கு முன்னாடி நீங்க சோளம் கழுவுற தண்ணி எனக்கு அடியில ஓடும். அதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன். இன்னைக்குப் பார்த்துட்டே கிடந்தேன். வரவே இல்ல."

அதற்குள் அவள் கட்டிலைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து, குனிந்து, ரமிரோவின் பாதி திறந்திருந்த கண்ணிமையை விரல் நுனியால் மெல்லத் தடவி மூடினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அவன் தாடையைச் சுற்றிக் கட்டினாள். நூபியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த அந்தக் கையின் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சத்தம் போட்டு அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஊர் வருவதற்குள் குளிப்பாட்டிவிடலாம் என்று கார்லோத்தா சொன்னாள். எலியெசரைக் கூட்டிவந்தாள். அவன் அண்ணனைக் குழந்தையைப் போல ஏந்தி முற்றத்துக்குத் தூக்கிவந்து, அங்கணத்தின் அருகே பலகையில் கிடத்தினான். பெண்கள் தண்ணீரை இதமாகச் சுடவைத்து, அதில் எலுமிச்சை இலை கிள்ளிப் போட்டார்கள். நூபியா தலையைத் தாங்கிக்கொண்டாள். கார்லோத்தா அந்த அகலத் தோளில் சோப்புப் போட்டுத் தேய்த்து, மெதுவாக ஊற்றினாள். நுரையும் இலையுமாகத் தண்ணீர் அங்கணத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நிற்காமல் இறங்கியது. அது சுவருக்கு அடியில் நுழைந்து, அந்த அறைக்குக் கீழே ஓடிப் போவதை மூன்று பேரும் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.